படியுமா, கரையுமா? வினை குணகம் போட்டுப் பார்க்கும் முறை

படப்பை, மணிமங்கலம், முடிச்சூர் பக்கம் மனை வாங்கி வீடு கட்டுபவர்கள் போர் போட்டு முடித்ததும் கேட்கும் முதல் கேள்வி, "டிடிஎஸ் எவ்வளவு காட்டுது?" என்பதுதான். ஆர்ஓ மெஷின் விற்க வருபவர் சின்ன மீட்டர் ஒன்றைத் தம்ளரில் முக்குவார். 900 என்று வந்தால் உதட்டைப் பிதுக்குவார். வீட்டுக்காரர் பயந்துபோவார். தண்ணீரில் ஏதோ உப்புகள் கரைந்திருக்கின்றன என்பதற்கு மேல் அந்த 900 ஒன்றும் சொல்லவில்லை. கரைந்திருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு என்றால் தண்ணீர் கரிக்கும், ஆனால் கெட்டிலில் வெள்ளை ஓடு கட்டாது. கால்சியம் பைகார்பனேட் என்றால் நாளடைவில் கீசர் காயிலே சுண்ணாம்புக்குள் புதைந்துவிடும். மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான்.

படியுமா கரையுமா என்று சொல்ல வேறொரு எண் வேண்டும். அது பிளஸ் ஒன் வேதியியலில், வேதிச் சமநிலைப் பாடத்தில் இருக்கிறது. பெயர் வினை குணகம். இரண்டு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்யப்பட்டு, தேர்வு முடிந்ததும் மறக்கப்படுகிற பாவப்பட்ட விஷயம். இந்த அத்தியாயத்தில் அதைப் போர் தண்ணீரின் பரிசோதனை அறிக்கையை வைத்தே போட்டுப் பார்ப்போம். கால்குலேட்டர் கையில் இருக்கட்டும்.

விகிதத்தை எழுதுவது

ஒரு மீள் வினையின் சமன்பாட்டை முதலில் சமன் செய்து எழுதுங்கள். வலப்பக்கம் இருக்கும் விளைபொருள்களின் இந்த நேரத்துச் செறிவுகளைப் பெருக்கி மேலே வையுங்கள். இடப்பக்கம் இருக்கும் வினைபடுபொருள்களின் செறிவுகளைப் பெருக்கிக் கீழே வையுங்கள். சமன்பாட்டில் ஒரு பொருளுக்கு முன்னால் 2 இருந்தால் அதன் செறிவு இருமடி, 3 இருந்தால் மும்மடி. வகுத்து வருவது வினை குணகம், கியூ. வினை சமநிலைக்கு வந்த பிறகு இதே விகிதத்தை எடுத்தால் கிடைப்பது சமநிலை மாறிலி, கே. இதற்கு அடித்தளமான நிறைதாக்க விதியை 1864-ல் வெளியிட்டவர்கள் குல்ட்பெர்க், வாகே என்ற இரண்டு நார்வேக்காரர்கள்.

கியூ, கே-யைவிடச் சிறியது என்றால் விளைபொருள் இன்னும் போதவில்லை. வினை முன்னோக்கி நகரும். பெரியது என்றால் விளைபொருள் அளவு மீறிவிட்டது; வினை பின்னோக்கி நகரும். இரண்டும் சமம் என்றால் மொத்தத்தில் எந்த மாற்றமும் தெரியாது. கே ஒரு வெப்பநிலைக்கு ஒன்றுதான். கியூ நாம் தண்ணீரில் எதைக் கலந்தாலும், எதை எடுத்தாலும் மாறும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் வெறும் கூட்டல் கழித்தல்.

தூய திண்மமும் கரைப்பானாக இருக்கும் நீரும் விகிதத்தில் வராது. கீசரில் ஒரு கிராம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தாலும் ஒரு கிலோ ஒட்டியிருந்தாலும் கியூ அதேதான். செறிவெல்லாம் லிட்டருக்கு எத்தனை மோல் என்ற அலகில் இருக்க வேண்டும். அறிக்கையில் வரும் மில்லிகிராமை அப்படியே போட்டால் விடை குப்பை. சமன்பாட்டைத் திருப்பி எழுதினால் கியூ, கே இரண்டும் தலைகீழாகும். ஆகவே ஒரு புத்தகத்திலிருந்து கே-யை எடுக்கும்போது அங்கே வினை எந்தப் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

நம் தண்ணீருக்கான சமன்பாடு இது:

கால்சியம் கார்பனேட் (திண்மம்) + ஹைட்ரஜன் அயனி ⇌ கால்சியம் அயனி + பைகார்பனேட் அயனி

இடமிருந்து வலமாகப் போனால் சுண்ணாம்பு கரைகிறது. வலமிருந்து இடமாக வந்தால் படிகிறது. திண்மத்தை விட்டுவிட்டால்,

கியூ = [கால்சியம்] × [பைகார்பனேட்] ÷ [ஹைட்ரஜன் அயனி]

இதற்கான கே, புத்தகத்தில் நேராகக் கிடைக்காது. இரண்டு மாறிலிகளை வகுத்து எடுக்க வேண்டும். 25 டிகிரியில் கால்சைட் வடிவக் கால்சியம் கார்பனேட்டின் கரைதிறன் பெருக்கம் 3.3 × 10⁻⁹. பைகார்பனேட், கார்பனேட்டாகப் பிரியும் மாறிலி 4.7 × 10⁻¹¹. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஏறத்தாழ 70. கரைதிறன் பெருக்கம் புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும். இந்த அத்தியாயம் முழுக்க 70 என்றே வைத்துக்கொள்வோம்.

அறிக்கையிலிருந்து எண் எடுப்பது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடங்களிலும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கை தருகிறார்கள். அதில் வரும் பல வரிகளில் நமக்கு வேண்டியவை மூன்று: பிஹெச், கால்சியம், மொத்தக் காரத்தன்மை. மொத்தக் கடினத்தன்மை என்ற வரியைக் கால்சியம் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். அதில் மக்னீசியமும் சேர்ந்திருக்கிறது.

கணக்குக்காக ஓர் அறிக்கையை நானே எழுதிக்கொள்கிறேன். பிஹெச் 7.4, கால்சியம் லிட்டருக்கு 100 மில்லிகிராம், காரத்தன்மை 300 மில்லிகிராம், டிடிஎஸ் 900. இந்தியத் தரநிலை 10500 (2012) கால்சியத்துக்கு 75, காரத்தன்மைக்கு 200, டிடிஎஸ்ஸுக்கு 500 என்று ஏற்புடைய வரம்பு வைத்திருக்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் முறையே 200, 600, 2000 வரை அனுமதி. நம் மாதிரித் தண்ணீர் இந்த இரண்டு வரம்புகளுக்கும் நடுவில் நிற்கிறது.

கால்சியத்தின் அணு நிறை 40. 100 மில்லிகிராமை 40-ஆல் வகுத்தால் 2.5 மில்லிமோல், அதாவது 2.5 × 10⁻³ மோல்.

காரத்தன்மையில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். அறிக்கையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "கால்சியம் கார்பனேட்டாக" என்று பொடி எழுத்தில் இருக்கும். தண்ணீரில் அவ்வளவு கால்சியம் கார்பனேட் கரைந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. அது ஒரு கணக்கு வழக்கம். வெவ்வேறு அயனிகளை ஒரே அளவுகோலில் சொல்ல ஏற்படுத்திக்கொண்டது. அந்த எண்ணைப் பைகார்பனேட் மோலாக மாற்ற 50-ஆல் வகுக்க வேண்டும், 100-ஆலும் அல்ல, 61-ஆலும் அல்ல. 300 ÷ 50 = 6 மில்லிமோல், 6 × 10⁻³ மோல். பிஹெச் 7-க்கும் 8.3-க்கும் இடையில் காரத்தன்மை முழுவதையும் பைகார்பனேட் என்றே எடுத்துக்கொள்ளலாம். கால்சியத்தையும் சில கூடங்களில் "கால்சியம் கார்பனேட்டாக" என்று போட்டுத் தருவார்கள். அப்படியிருந்தால் அதை 100-ஆல் வகுங்கள்.

பிஹெச் 7.4 என்றால் ஹைட்ரஜன் அயனி 10⁻⁷·⁴, அதாவது 4 × 10⁻⁸ மோல்.

கியூ = (2.5 × 10⁻³ × 6 × 10⁻³) ÷ (4 × 10⁻⁸) = 375

கே 70. கியூ ஐந்து மடங்குக்கு மேல் பெரியது. வினை பின்னோக்கித்தான் போகும், சுண்ணாம்பு படியும்.

இதில் ஒரு திருத்தம் உண்டு. உப்பு நிறைய இருக்கும் தண்ணீரில் எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று இழுப்பதால் செறிவு முழுவதும் வினையில் செல்லுபடியாவதில்லை. செயல்படு நிறை குறைவு. டிடிஎஸ் 900 உள்ள தண்ணீரில் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் பெருக்கிவரும் மதிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். அப்போது 375 என்பது 180 சொச்சம். அப்படியும் கே-யைப்போல் இரண்டரை மடங்கு. டிடிஎஸ் மீட்டருக்கு இந்தக் கணக்கில் கிடைக்கும் ஒரே வேலை இந்தத் திருத்தம்தான்.

கியூவைக் கே-யால் வகுத்து மடக்கை எடுத்தால் தண்ணீர் சுத்திகரிப்புத் துறையினர் தினமும் பயன்படுத்தும் லாங்கிலியர் குறியீட்டெண் வந்துவிடும். அமெரிக்கரான லாங்கிலியர் 1936-ல் கொடுத்தது. 180 ÷ 70-க்கு மடக்கை 0.4. பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் படியும், கீழே இருந்தால் கரைக்கும். ஒரகடம் சிப்காட் தொழிற்சாலைகளில் பாய்லரையும் குளிர்விப்புக் கோபுரத்தையும் கவனிக்கிறவர்கள் வாயில் அடிபடும் அந்தக் குறியீட்டெண்ணும் பள்ளிக்கூடத்து வினை குணகமும் வேறு வேறு இல்லை. இதை ஏன் பிளஸ் ஒன் வகுப்பில் யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் புரிந்ததே கிடையாது.

எவ்வளவு நம்பலாம்

பிஹெச் 0.1 பிசகினால் கியூ 26 சதவீதம் பிசகும். 0.3 பிசகினால் இரண்டு மடங்கு மாறிவிடும். மூன்று எண்களில் பிஹெச்சைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் பாட்டில் பயணத்தில் மாறுவது அதுதான். நிலத்தடியில் இருக்கும்போது தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகக் கரைந்திருக்கிறது. மேலே வந்து காற்றுப் பட்டதும் அது வெளியேறும், பிஹெச் ஏறும். அரைப் பாட்டில் தண்ணீரைக் குலுக்கிக்கொண்டே தாம்பரம் வரை பஸ்ஸில் கொண்டுபோனால் கூடத்தில் வரும் பிஹெச் உங்கள் போருடையது ஆகாது. மோட்டார் போட்டு, பைப்பில் நின்ற பழைய தண்ணீர் போனபின், பாட்டிலை விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். முடிந்தால் பிஹெச்சை அங்கேயே எடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கியூவைக் கே-யால் வகுத்தது அரைக்கும் இரண்டுக்கும் இடையில் வந்தால் "சொல்ல முடியாது" என்பதே நேர்மையான விடை. ஐந்து, பத்து, நூறு என்று வந்தால் துணிந்து சொல்லலாம்.

அதே தண்ணீர், வீட்டில் வேறு வேறு இடத்தில்

போர் வாயில் பிஹெச் 7.4 இருந்த தண்ணீர் மாடித் தொட்டியில் மேலிருந்து கொட்டும்போது கார்பன் டை ஆக்சைடை இழக்கிறது. பிஹெச் 8.2 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கால்சியமும் பைகார்பனேட்டும் அப்படியே இருக்க, கீழே இருக்கும் ஹைட்ரஜன் அயனி ஆறில் ஒரு பங்குக்குப் போய்விட்டது. கியூ 375-லிருந்து 2,300-க்கு மேல் ஏறிவிடும். தொட்டியின் உள்சுவரிலும் ஷவர் ஓட்டைகளிலும் வெள்ளையாகப் பூப்பது இதனால்தான். தண்ணீரில் புதிதாக எதுவும் சேரவில்லை, ஒரு வாயு வெளியேறியது, அவ்வளவுதான்.

கீசரில் நடப்பது வேறு. அங்கே கியூ பெரிதாக மாறுவதில்லை, கே-தான் இறங்குகிறது. சர்க்கரையும் சாப்பாட்டு உப்பும் சூட்டில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் சூடு ஏற ஏறக் குறைவாகக் கரையும். 25 டிகிரியில் 70 ஆக இருந்த கே, 60 டிகிரியில் சுமார் 24 ஆகிவிடுகிறது. அறை வெப்பத்தில் கே-யைப்போல் ஐந்து மடங்காக இருந்த அதே 375, கீசருக்குள் பதினைந்து மடங்கு. வீட்டில் முதலில் கெட்டுப்போவது ஹீட்டர் ராடு என்பதற்குக் காரணம் இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. தெர்மோஸ்டாட்டை 60-லிருந்து 50-க்குக் குறைத்தால் படிவு நின்றுவிடாது, ஆனால் குறையும். கரண்டும் மிச்சம்.

கெட்டிலில் கொதிக்கவைக்கும்போது இரண்டும் சேர்ந்து நடக்கிறது. கே இறங்குகிறது, வாயு வெளியேறி கியூ ஏறுகிறது. கொதித்து ஆறிய தண்ணீரின் அடியில் நிற்கும் பொடி கண்ணுக்கே தெரியும்.

அந்த ஓட்டை எடுக்க எலுமிச்சைச் சாறு ஊற்றுகிறோமே, அதையும் கணக்கில் பார்க்கலாம். பிஹெச் 2.5 என்றால் ஹைட்ரஜன் அயனி 3 × 10⁻³. விகிதத்தின் மேல்பகுதியை, அதாவது 2.5 × 10⁻³ × 6 × 10⁻³ = 1.5 × 10⁻⁵-ஐ, இதனால் வகுத்தால் கியூ 0.005. கே 70. இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால் ஓடு நுரைத்துக்கொண்டு கரையாமல் என்ன செய்யும்? பாத்ரூம் ஆசிடும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் ஓர் எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிடை ஊற்றாதீர்கள். குளோரினும் தண்ணீரும் சேர்ந்து ஹைப்போகுளோரஸ் அமிலம், ஹைட்ரஜன் அயனி, குளோரைடு அயனி ஆகியவற்றைத் தரும் வினையும் மீள் வினைதான். ஆசிட் ஊற்றினால் ஹைட்ரஜன் அயனியும் குளோரைடும் ஒரே நேரத்தில் எகிறும். அங்கே இரண்டும் விகிதத்தின் மேல்பகுதியில் இருக்கின்றன. கியூ கே-யைத் தாண்டும், வினை பின்னோக்கிப் போய்க் குளோரின் வாயுவைக் கக்கும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கலப்பது

சம்ப்பில் போர் தண்ணீரையும் வேறு தண்ணீரையும் கலப்பது இந்தப் பக்கத்தில் சகஜம். இரண்டு தண்ணீரின் கியூவையும் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. செறிவுகளைத் தனித்தனியே சராசரி எடுத்துவிட்டுக் கியூவைப் புதிதாகப் போட வேண்டும்.

மழைநீரை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மாடியில் விழும் மழையை வடிகட்டிச் சம்ப்பில் விடும் வீட்டில், பாதிக்குப் பாதி கலந்தால் கால்சியம் 1.25 × 10⁻³, பைகார்பனேட் 3 × 10⁻³. கரைந்த கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் ஒரே விகிதத்தில் குறைவதால் பிஹெச் ஏறக்குறைய 7.4-லேயே நிற்கும். கியூ = 3.75 × 10⁻⁶ ÷ 4 × 10⁻⁸ = 94. தண்ணீரைப் பாதியாக நீர்த்தோம், கியூ கால்வாசியாகிவிட்டது. கே-யால் வகுத்தால் 1.3, நாம் "சொல்ல முடியாது" என்று ஒதுக்கிய பகுதிக்குள் வந்துவிட்டது. அறை வெப்பத்தில் பைப்பும் ஷவரும் தப்பிக்கக்கூடும்.

ஆர்ஓவின் இரண்டு முனைகள்

ஆர்ஓ மெஷினிலிருந்து ஒரு குழாயில் குடிநீர், இன்னொன்றில் கழிவுநீர். முதலில் கழிவுநீர். கேன் தண்ணீர் கம்பெனிகளிலும் தொழிற்சாலைகளிலும் உள்ளே போகும் தண்ணீரில் 75 சதவீதத்தைக் குடிநீராக எடுத்தால் மீதிக் கால்வாசித் தண்ணீரில் உப்பெல்லாம் சேர்ந்துவிடும். கால்சியம் நான்கு மடங்கு, பைகார்பனேட் நான்கு மடங்கு. கியூ பதினாறு மடங்காகும் என்றுதான் தோன்றும். ஆனால் கார்பன் டை ஆக்சைடு வாயு என்பதால் மெம்பிரேன் அதைத் தடுப்பதில்லை. அதன் செறிவு இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். பைகார்பனேட் நான்கு மடங்கானபோது கார்பன் டை ஆக்சைடு ஏறாததால் ஹைட்ரஜன் அயனி நான்கில் ஒன்றாகிறது, பிஹெச் 7.4-லிருந்து 8.0-க்கு ஏறுகிறது. ஆக நான்கு, நான்கு, நான்கு: அறுபத்து நான்கு மடங்கு. 375 × 64 = 24,000. கே அதே 70.

அப்படியென்றால் எந்த மெம்பிரேனும் ஒரு வாரம் தாங்கக் கூடாதே? இங்கேதான் வினை குணகத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது திசையைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. பெரிய ஆர்ஓ ஆலைகளில் இரண்டு விதமான மருந்துகள் போடுவார்கள். ஒன்று அமிலம், அது பிஹெச்சைக் குறைத்துக் கியூவையே இறக்குகிறது. மற்றொன்று ஆன்டிஸ்கேலன்ட், அது கியூவைத் தொடுவதே இல்லை. பிறக்கிற நுண்படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அது வளரவிடாமல் தாமதப்படுத்துகிறது. தண்ணீர் மெம்பிரேனைக் கடந்து போகும் நேரத்துக்கு அந்தத் தாமதம் போதும். ஆலையைத் திடீரென நிறுத்தி, கெட்டியான கழிவுநீர் உள்ளேயே தேங்கிவிட்டால் தாமதத்தின் கெடு முடிந்து படிய ஆரம்பிக்கும். நிறுத்தும்போது நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடச் சொல்வது அதற்காகத்தான்.

அடுத்து குடிநீர்க் குழாய். பிஹெச் 6.3, கால்சியம் 4 மில்லிகிராம், காரத்தன்மை 20 என்று வையுங்கள். ஹைட்ரஜன் அயனி 5 × 10⁻⁷, கால்சியம் 10⁻⁴, பைகார்பனேட் 4 × 10⁻⁴. (இந்த பிஹெச்சில் காரத்தன்மையைப் பைகார்பனேட்டாக எடுப்பதில் தவறில்லை.) கியூ 0.08. கே-யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தத் தண்ணீர் சுண்ணாம்பைத் தேடித் தின்னும். சிமென்ட் தொட்டியில் தேக்கினால் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். சிமென்டின் உயிரே கால்சியத்தில்தான் இருக்கிறது. ஆர்ஓ தண்ணீரைப் பிளாஸ்டிக்கிலோ எஃகிலோ சேமியுங்கள்.

ஊருக்கே ஆர்ஓ தண்ணீர் கொடுக்கும்போது இது பெரிய பிரச்சினை. மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் நாளுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. நெம்மேலியிலேயே 2024-ல் 15 கோடி லிட்டர் நிலையம் ஒன்று சேர்ந்தது. உலகெங்கும் இத்தகைய நிலையங்களில் உப்பெல்லாம் எடுத்துவிட்ட தண்ணீரில் மறுபடியும் சுண்ணாம்பையோ கால்சைட்டையோ கரைத்துச் சேர்க்கிறார்கள். எடுத்ததைத் திரும்பப் போடுவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். போடாவிட்டால் அந்தத் தண்ணீர் போகும் வழியில் இருக்கும் பைப்பின் சிமென்ட் பூச்சிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். கியூவைக் கே-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வெளியே விடுகிறார்கள்.

அடுக்கு வரும் இடம்: தர்மபுரி

இதுவரை எல்லாமே ஒன்றுக்கு ஒன்று. அடுக்கு வந்தால் கணக்கு எப்படித் திரும்பும் என்று பார்க்க ஃப்ளூரைடு நல்ல இடம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டதால்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் தொடங்கப்பட்டது.

கால்சியம் ஃப்ளூரைடு (திண்மம்) ⇌ கால்சியம் அயனி + 2 ஃப்ளூரைடு அயனி

கியூ = [கால்சியம்] × [ஃப்ளூரைடு]². கே இங்கே கரைதிறன் பெருக்கமேதான், 3.45 × 10⁻¹¹. நம் மாதிரித் தண்ணீரில் கால்சியம் 2.5 × 10⁻³. தரநிலை அனுமதிக்கும் உச்ச ஃப்ளூரைடு 1.5 மில்லிகிராம், 19-ஆல் வகுத்தால் 7.9 × 10⁻⁵ மோல். அதன் இருமடி 6.2 × 10⁻⁹. கியூ 1.6 × 10⁻¹¹. கே-யைவிடச் சிறியது, இன்னும் கரையும். ஃப்ளூரைடு எதுவரை ஏறலாம் என்று திருப்பிக் கேட்டால், கே-யைக் கால்சியத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 1.17 × 10⁻⁴ மோல், லிட்டருக்கு 2.2 மில்லிகிராம். கால்சியம் பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது என்றால் வரம்பு 7 மில்லிகிராமுக்கு ஏறிவிடுகிறது. கால்சியம் குறைவான மென்மையான தண்ணீரில்தான் ஃப்ளூரைடு நிறையத் தங்க முடியும். நாக்குக்கு நன்றாக இருக்கும் கிணறு எலும்புக்கு நல்லதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. (செயல்படு நிறைத் திருத்தம் போட்டால் இந்த வரம்புகள் இன்னும் சற்று மேலே போகும்.)

வாயுக்களில்

வாயு வினைக்கும் முறை மாறாது. மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1971-ல் உற்பத்தியைத் தொடங்கியது. யூரியாவுக்கு முதல் படி அம்மோனியா.

நைட்ரஜன் + 3 ஹைட்ரஜன் ⇌ 2 அம்மோனியா

472 டிகிரியில் கே 0.105. கலனில் நைட்ரஜன் 0.7, ஹைட்ரஜன் 2.1, அம்மோனியா 0.4 மோல் என்றால் கியூ = 0.4² ÷ (0.7 × 2.1³) = 0.025. முன்னோக்கிப் போகும். நைட்ரஜன் 0.5, ஹைட்ரஜன் 1.5, அம்மோனியா 1.0 என்றால் 0.59. பின்னோக்கி, செய்த அம்மோனியா சிதையும். அதனால்தான் எந்த ஆலையிலும் கலவையை வெளியே எடுத்துக் குளிரவைத்து அம்மோனியாவைத் திரவமாகப் பிரித்துவிட்டு மீதி வாயுவைத் திரும்ப உள்ளே அனுப்புகிறார்கள். மேலே இருக்கும் எண்ணைச் சிறியதாகவே வைத்திருக்கும் வழி. மும்மடியை மறந்து 2.1 என்று மட்டும் போட்டால் முதல் கணக்கின் விடை 0.11 வந்து, சமநிலைக்கு வந்துவிட்டது என்று தவறாகச் சொல்ல வைக்கும். விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இந்த 0.11 பழக்கமான முகம்.

போட்டுப் பாருங்கள்

பிஹெச் 7.0, கால்சியம் 60 மில்லிகிராம், காரத்தன்மை 250 மில்லிகிராம், டிடிஎஸ் 500. இந்தத் தண்ணீர் சம்ப்பில் படியுமா? 60 டிகிரி கீசரில்?

விடை: கால்சியம் 1.5 × 10⁻³, பைகார்பனேட் 5 × 10⁻³, ஹைட்ரஜன் அயனி 10⁻⁷. கியூ 75. சம்ப்பில் கே 70. திருத்தம் போட்டால் கியூ இன்னும் கீழே வரும், ஆகவே எந்தப் பக்கமும் அடித்துச் சொல்ல முடியாது. கீசரில் கே 24. மூன்று மடங்கு, திருத்தத்துக்குப் பிறகும் ஒன்றே முக்கால் மடங்குக்குக் குறையாது. நாம் வைத்த அரை - இரண்டு எல்லைக்குள்தான் இதுவும் விழுகிறது, ஆனாலும் இதில் நான் "படியும்" என்ற பக்கமே சாய்வேன்: கீசரில் ராடை ஒட்டிய தண்ணீரின் சூடு தெர்மோஸ்டாட் காட்டும் 60-ஐவிட எப்போதும் அதிகம், அங்கே கே 24-க்கும் கீழே.